வனவர் வெற்றிச்செல்வனின் சாகாத செடிகள்

குந்தா மலைப்பக்கத்தில் வனவர் வெற்றிச்செல்வன் நட்ட செடி செத்துப்போனதாக ஒரு பேச்சு கிடையாது. அப்படிப் பேச்சு எழ அவர் விட்டால்தானே! ஒரு செடி வாடினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பட்டுப்போய்விட்டது என்று உறுதியானால் பொழுது சாய்வதற்குள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நாற்றங்காலிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்து அதே குழியில் ஊன்றிவிடுவார். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. வனத்துறையில் இதற்கு மறுநடவு என்றே பெயர், அதற்குப் பணமும் ஒதுக்குகிறார்கள். மற்றவர்கள் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிற வேலையை இவர் அன்றன்றைக்கே முடித்துவிடுவார், அவ்வளவுதான்.

ஒரு குடியரசு தினத்தன்று ஊட்டியில் மேடையேற்றி அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். அதன் கீழே நிற்கும்போதெல்லாம் அவர் வயிறு தானாக உள்ளே போய்விடுவதாக அவர் மனைவி கேலி செய்வாள். அந்தப் பெருமைதான் கடைசியில் மனுஷனை வசமாக மாட்டிவிட்டது.

நீலகிரியில் மழைக்கும் பனிக்கும் இருந்த ஒழுங்கு கெட்டுப்போய்க் கொஞ்ச காலமாகிறது. ஆனி ஆடியில் நிதானமாகப் பெய்ய வேண்டிய மழை, ஆவணியில் ஒரே மூச்சில் கொட்டிச் சாலையையே இழுத்துக்கொண்டு போகிறது. கார்த்திகை மார்கழியோடு ஓய வேண்டிய உறைபனி, எல்லோரும் மறந்திருக்கும் நேரத்தில் மாசியில் வந்து தேயிலையைக் கருக்குகிறது. எந்தச் சரிவில் எந்த மரம் வைக்கலாம் என்று வனத்துறை வைத்திருக்கும் திட்டமெல்லாம் பழைய வானத்தை நம்பி எழுதியது. புது வானத்துக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

அதனால்தான் மூன்று தரப்பாகச் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். வனத்துறை நாற்றும் ஆளும் தரும். மேல்சோலை எஸ்டேட் தன் எல்லையில் இருக்கும் சரிவுகளைத் தரும். கோயம்புத்தூரில் இருக்கும் ஆராய்ச்சி நிலையம், வரப்போகிற பனிக்கும் மழைக்கும் எந்த மரம் தாக்குப்பிடிக்கும் என்று சோதித்துச் சொல்லும். வனத்துறைக்கு ரேஞ்சர் ராஜப்ரியா, எஸ்டேட்டுக்கு மேனேஜர் டெனின், ஆராய்ச்சிக்கு கலைமதி என்ற இளம் விஞ்ஞானி. வெளிநாட்டிலிருந்து வந்து மலையெங்கும் பரவிய சீகை மரங்களை வெட்டிவிட்டு நடுவதாக மூன்று சோதனை ப்ளாட்டுகள் போட்டு, மூன்று வனவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஒன்று வெற்றிச்செல்வனுக்கு, ஒன்று ஆறுமுகசாமிக்கு, இன்னொன்று சின்னராஜுக்கு.

சின்னராஜைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. வேலை என்று ஒன்று எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுகிற மனுஷர். ஜீப்பில் ஏறுவதற்கே யோசிப்பார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டால் கைக்காசைக் கொடுத்துவிடுவார், உடம்பை மட்டும் கொடுக்கமாட்டார்.

முதல் நாள் ப்ளாட்டில் நின்றுகொண்டு கலைமதி தெளிவாகத்தான் சொன்னாள்.

"சார், ஒவ்வொரு செடியிலயும் தகரத்துல நம்பர் போட்டுக் கட்டியிருக்கோம். இனி என்ன ஆனாலும் எதையும் தொடாதீங்க. எது பொழைக்குது, எது சாகுதுன்னு பார்க்கறதுதான் நம்ம வேலையே."

"சரிங்க மேடம்" என்றார் வெற்றிச்செல்வன். சத்தியமாக அப்படியே செய்வதாகத்தான் நினைத்தார்.

அந்த வருஷம் பனி மாசியில் வந்தது. விடிகாலையில் அவர் ப்ளாட்டுக்குப் போனபோது புல்லெல்லாம் உப்புப் பூத்தமாதிரி வெளுத்துக் கிடந்தது. வெயில் ஏற ஏற, காட்டுச்செண்பகக் கன்றுகள் ஒன்றொன்றாகக் கறுத்தன. நாவல் இலைகள் கையில் எடுத்தால் பொடிந்தன. ரெண்டு நாள் அவர் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் அந்தக் கறுத்த குச்சிகளுக்கு நடுவே நின்றபோது அவருக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த மாதம் அந்தப் பெண் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்து இதையா பார்க்க வேண்டும்? வீட்டுக்கு விருந்தாளி வரும்போது கிழிந்த பாயை யாராவது விரிப்பார்களா?

வாட்சர்களைக் கூப்பிட்டார். பட்டதைப் பிடுங்கி நாற்றங்காலிலிருந்து புதுசை வைக்கச் சொன்னார். தகர வில்லைகளை மறக்காமல் அவிழ்த்து, அந்தந்தக் குழியில் வைத்த புதுச் செடியில் தானே கட்டினார். ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம் அவருக்குத் துளிக்கூட இல்லை. இத்தனை வருஷ சர்வீஸில் கற்றுக்கொண்ட நல்ல பழக்கத்தை அந்தப் பெண்ணுக்காகவும் செய்தார், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் கலைமதி வந்தாள். குனிந்து குனிந்து உயரம் அளந்தாள். திடீரென்று நிமிர்ந்து சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

"சார், இந்தப் பனியிலயும் செண்பகம் வளர்ந்திருக்கு சார்!"

வளராமல் என்ன? நாற்றங்காலில் நிழல்வலைக்குக் கீழே பையில் சொகுசாக வளர்ந்த கன்று அது. வெற்றிச்செல்வனுக்குச் சுருக்கென்றது. சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தார். ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். ஒருமுறை மூடிய வாய் மறு வருஷப் பனிக்கும் திறக்கவில்லை. மறுபடியும் பிடுங்கினார், மறுபடியும் நட்டார்.

சித்திரை மாதம் எஸ்டேட் கிளப்பில் முடிவைச் சொல்லக் கூட்டம் போட்டார்கள். தேநீரும் வர்க்கியும் சுற்றி வந்தன. கலைமதி திரையில் படம் போட்டுப் பேசினாள். முதல் ப்ளாட்டிலும் இரண்டாம் ப்ளாட்டிலும் செண்பகமும் நாவலும் திறந்தவெளியிலேயே பனியைத் தாங்கி நிற்கின்றன என்றாள்.

"மூணாவது ப்ளாட்டைக் கணக்குல சேர்த்துக்கல. அது பராமரிப்பு இல்லாம போயிருக்கு" என்றாள், சின்னராஜின் முகத்தைப் பார்க்காமல்.

ரேஞ்சர் ராஜப்ரியா விடவில்லை. "சின்னராஜ் சார், உங்க ப்ளாட்டு முக்கால்வாசி செத்துக் கெடக்கு. என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"பனி கொட்டிருச்சுங்க மேடம்."

"வெற்றிச்செல்வன் சார் ப்ளாட்டுல மட்டும் பூவா கொட்டுச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். வெற்றிச்செல்வனும் சிரித்தார். ராஜப்ரியா மெமோ தரப்போவதாகவும், சின்னராஜின் சம்பள உயர்வை நிறுத்தச் சொல்லி மேலே எழுதப்போவதாகவும் அங்கேயே சொன்னாள். சின்னராஜ் வர்க்கியைக் கடித்தபடி தலையை ஆட்டினார். அடுத்த வருஷம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற மனுஷர் அவர். கடித்த வாய் மெல்லவில்லை.

அடுத்த படம் வந்தபோதுதான் வெற்றிச்செல்வனின் சிரிப்பு நின்றது. அது எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் கடைசி லைனுக்குப் பின்னால் செங்குத்தாக ஏறும் சரிவு. போன ஆவணி மழையில் அங்கே மண் வழுகி வந்து, லைன் வீடுகளின் பின்சுவர் வரை நின்றது.

"இங்க இருக்கற சீகை மரத்துக்கு வேர் ஆழம் கெடையாது" என்றாள் கலைமதி. "காத்து மழைக்கு அதுவே மண்ணைப் பெயர்த்துட்டு விழும். மழைக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்துட்டு, ஜூன்ல வெற்றிச்செல்வன் சாரை வெச்சே செண்பகமும் நாவலும் நட்டுடலாம். பனியைத் தாங்கும்னு இப்ப நமக்குத் தெரியும். அஞ்சாறு வருஷத்துல வேர் மண்ணைப் பிடிச்சுக்கும்."

"நன்னாயி" என்றார் மேனேஜர் டெனின். அவருக்குச் சொந்த ஊர் மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவில். "அந்தச் சீகை போனா எனக்கும் ராத்திரி தூக்கம் வரும்."

படத்தின் அடியில், சரிவு முடிகிற இடத்தில், ஒரு நீலத் தகரக் கூரை தெரிந்தது. அது வெற்றிச்செல்வனின் அக்கா மருதாம்பாளின் வீடு. அவர் பிறந்ததும் அந்த வீட்டில்தான். அப்பா போன பிறகு கொழுந்து பறித்து அவரைப் படிக்க வைத்தவள் அக்கா. பனியில் செண்பகம் கறுத்ததைப் பார்த்தும் அதை மறைத்த ஒரே ஆள் தான்தான் என்று அவர் அப்போது நம்பிக்கொண்டிருந்தார். மரத்தையெல்லாம் வெட்டிய பிறகு இந்தக் கன்றுகளும் செத்தால், மொட்டை மண் அடுத்த மழைக்கு அந்தக் கூரைமேல் வந்து உட்காரும்.

சாயங்காலம் அவர் நேரே அக்கா வீட்டுக்குப் போனார். மருதாம்பாள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாடா சாமி. மூஞ்சி ஏன் இப்படித் தொங்கிக் கெடக்குது?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். "ஒரு சேதி தெரியுமா? மத்தியானம் மேனேஜர் வந்தாரு. இந்த லைன்ல இருக்கறவங்க பயமா இருந்தா கீழ் டிவிசன்ல காலி வீடு இருக்குது, போயிக்கங்கன்னாரு. ராக்கம்மா மூட்டையே கட்டிப்போட்டா. நாந்தான் ஒரு சத்தம் போட்டேன்."

"என்னன்னு?"

"என் தம்பிதான் மேல மரம் வைக்கறான், அவன் வெச்சது எது செத்திருக்குது சொல்லுங்கன்னேன். ஒருத்தி வாயைத் தொறக்கல. நாங்க எங்கயும் வரலைன்னு மேனேஜர்கிட்டச் சொல்லிப்போட்டோம். கீழ் டிவிசன் போனா புள்ளைக பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கோணும்? மாரியம்மன் கோயிலு வேற இங்க கெடக்குது."

அவள் கொடுத்த தேநீரை அவரால் குடிக்க முடியவில்லை. சளி என்று சொல்லி வைத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஏறினார். கொஞ்ச தூரம் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து கீழே பார்த்தார். துணி காய்ந்தது, ரெண்டு கோழிகள் மேய்ந்தன, ராக்கம்மாவின் பேரப்பிள்ளை சைக்கிள் டயர் உருட்டிக்கொண்டு போனது.

மனுஷ மனசு எவ்வளவு தூரம் ஓடும் பாருங்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு அவர் இன்னொரு யோசனை செய்தார். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். இந்தச் சரிவையும் தானே பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பனிக்கும் செத்ததைப் பிடுங்கிவிட்டுப் புதுசு வைத்துக்கொண்டே போகலாம். செலவானாலும் சொந்தக் காசில் செய்யலாம். ஒரு நிமிஷம் இது அவருக்கு நல்ல வழியாகவே பட்டது.

அப்புறம்தான் உறைத்தது. பையிலிருந்து இறங்குகிற கன்றுக்கு வேர் அந்தப் பையளவுதான். வருஷா வருஷம் மாற்றி மாற்றி வைத்தால் சரிவு பார்க்கப் பச்சையாக இருக்கும், கணக்கு சரியாக இருக்கும், மண்ணைப் பிடிக்க மட்டும் கீழே ஒன்றும் இருக்காது. பிடுங்கும்போது இருக்கிற மண்ணும் இளகும். இத்தனை வருஷமாக எத்தனை சரிவில் அப்படிச் செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை கலைமதி கோயம்புத்தூருக்குக் கிளம்ப, ரேஞ்ச் ஆபீஸ் வாசலில் ஜீப்பில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். வெற்றிச்செல்வன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றார்.

"மேடம், என் ப்ளாட்டுல செடியெல்லாம் செத்துப்போச்சுங்க."

"எப்ப? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"ரெண்டு வருசமும் பனிக்குச் செத்துச்சுங்க. நாந்தான் புடுங்கிப்போட்டு வேற வெச்சனுங்க. நீங்க அளந்ததெல்லாம் புதுச் செடிங்க."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையில் இருந்த பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"தொடாதீங்கன்னு சொன்னேனே சார்! அது ஒண்ணுதானே நான் உங்ககிட்டக் கேட்டேன்!"

"ஆமாங்க."

"ரெண்டு வருஷம் சார். இதை நம்பி நான் அந்தச் சரிவை மொட்டை அடிக்கச் சொல்லியிருக்கேன். கீழ ஜனங்க இருக்காங்க சார்!"

"என் அக்கா இருக்குதுங்க" என்றார் அவர்.

அவள் அதற்குமேல் திட்டவில்லை. ஜீப்பின் படியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ஆபீஸ் வராந்தாவில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆறுமுகசாமி மெதுவாக இறங்கி வந்தார். ஓய்வுபெற இருக்கிற, வம்புதும்புக்குப் போகாத மனுஷர்.

"என்னுதும் அப்படித்தானுங்க மேடம்" என்றார். "செத்த செடியை வெச்சுட்டு இருந்தா அசிங்கமுன்னு நெனச்சுப்போட்டனுங்க. வெற்றி ப்ளாட்டு அவ்வளவு நல்லா இருக்கறப்ப, என்னுது மட்டும் எப்படிங்க..."

வெற்றிச்செல்வன் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஆறுமுகசாமி அவரைப் பார்க்கவில்லை. ஒருவர் பெருமை இன்னொருவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. ரெண்டு பேரும் எதிரெதிர் மலையில் ஒரே காரியத்தைத் தனித்தனியாகச் செய்துவிட்டு, ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

"அப்ப எனக்கு மிச்சம் ஒண்ணுமே இல்லை" என்றாள் கலைமதி.

வெற்றிச்செல்வனுக்கு நேற்றுச் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்து உடம்பு கூசியது. "இருக்குதுங்க மேடம்" என்றார். "சின்னராஜ் ப்ளாட்டு இருக்குது. அந்த ஆளு எதையும் தொட்டிருக்கமாட்டாருங்க."

மூன்று பேரும் சின்னராஜை வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு போனார்கள். மெமோ கொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவர் வழியெல்லாம் முதுகுவலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ப்ளாட்டில் கறுத்த குச்சிகள் தகர வில்லைகளோடு நின்றன. எது எந்த வருஷம் செத்தது என்பதுகூடப் பார்த்தால் தெரிந்தது. திறந்தவெளியில் செண்பகம் சுத்தமாகப் போயிருந்தது, நாவலும் போயிருந்தது. காட்டுப்பூவரசும் தவிட்டுச் செடியும் மட்டும் முரட்டுத்தனமாகத் தழைத்திருந்தன. கீழ்ப்பாதி செத்ததைப் பார்த்ததோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்த கலைமதி, முதல்முறையாக மேல் ஓரம் வரை ஏறியபோது சட்டென்று நின்றாள். அங்கே ஒரு வரிசை சீகை மரங்கள் வெட்டப்படாமலே நின்றன. அவற்றின் நிழலில் வைத்த செண்பகங்கள் இடுப்புயரத்துக்கு வளர்ந்திருந்தன.

"இந்த மரங்களை ஏன் சார் வெட்டல?"

சின்னராஜ் பிடரியைச் சொறிந்தார். "ஏத்தமுங்க மேடம். மூச்சு வாங்குச்சு. நாளைக்கு வெட்டிக்கலாமுன்னு வாட்சர்ககிட்டச் சொன்னனுங்க."

"செத்த செடியை ஏன் மாத்தல?"

"நீங்கதானுங்களே தொடாதீங்கன்னீங்க" என்றார் அவர், பாவமாக.

அது கீழ்ப்படிதலா சோம்பலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. கலைமதி அந்தச் செண்பகத்தின் அடியில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். சீகையின் இலைக்கூரைதான் பனி இறங்காமல் கன்றைக் காப்பாற்றியிருக்கிறது. கன்றின் தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அன்று மதியமே ராஜப்ரியாவின் அறையில் டெனினையும் அழைத்து உட்கார வைத்துப் பேசினார்கள். வெற்றிச்செல்வன் முதலில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும், "மெமோ எனக்குத் தரோணுமுங்க மேடம், சின்னராஜுக்கு இல்லீங்க" என்றார்.

ராஜப்ரியா பேனாவைக் கீழே வைத்தாள். "உங்களைக் காட்டித்தான் நான் மத்த எல்லாரையும் திட்டிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "செடி செத்தா மெமோ கொடுப்பேன்னு சொன்னவளும் நான்தான். அப்புறம் யாரு சார் வந்து செத்துச்சுன்னு சொல்லுவாங்க? இனி என் ரேஞ்சுல செத்த செடிக்கு மெமோ கெடையாது. மறைச்சா உண்டு. அதனால உங்களுக்கு உண்டு."

"சரிங்க மேடம்" என்றார் அவர். சின்னராஜ் நாற்காலியில் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ அந்தச் சரிவு?" என்றார் டெனின்.

"மொத்தமா வெட்டக் கூடாதுங்க" என்றாள் கலைமதி. "சாயற மாதிரி இருக்கற மரத்தை மட்டும் எடுத்துட்டு, மிச்ச நிழலுக்குக் கீழ கன்னு வெக்கணும். வெளிச்சத்துல பூவரசு, தவிடு. கன்னு வளர வளர சீகையைக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். இது நிதானமான வேலை. அதுவரைக்கும் அந்தச் சரிவு ஆபத்துதான். இந்த மழைக்கே ஆபத்துதான். கீழ இருக்கறவங்க மாறிப் போயிடணும்."

"நான் பறஞ்சாச்சு மேடம். அவங்க வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க. மரம் வெக்கப்போற ஆளு மேல அத்தனை நம்பிக்கை." டெனின் சொல்லிவிட்டு வெற்றிச்செல்வனைப் பார்த்தார். அறையில் எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

ரேஞ்சரிடம் சொல்வது ஒரு விஷயமே இல்லை என்று லைனுக்கு நடந்து போகும்போது அவருக்குத் தெரிந்தது. மருதாம்பாள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ராக்கம்மா வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவர் அக்காவுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்.

"அக்கா, இங்க இருக்க வேண்டாம். மழைக்கு முன்னாடி கீழ் டிவிசனுக்குப் போயிருங்க."

"ஏன்டா, நீதான மேல மரம் வைக்கற?"

"வைக்கறேன். அது வேர் புடிக்க வருசக்கணக்காகும். பாதி செத்தும் போவும்."

"நீ வெச்சது சாகாதே!"

"சாகும்க்கா. எல்லாந்தான் செத்துச்சு. செத்ததைப் புடுங்கிப்போட்டு, வேற வெச்சு, சாகலைன்னு காட்டிக்கிட்டேன். ஊருக்கெல்லாம் காட்டினேன். உனக்கும் காட்டிப்போட்டேன்."

முறம் நின்றது. மருதாம்பாள் தம்பியின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தைப் பற்றி அவள் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகப் பேசியிருப்பாள்! கொழுந்துக்கூடையை இறக்கி வைக்கும்போதெல்லாம் அதுதான் அவளுக்குப் பேச்சு. ராக்கம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கோழியைப் பார்த்தாள். வெற்றிச்செல்வனுக்கு அக்கா ரெண்டு அறை அறைந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மருதாம்பாள் எழுந்து முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஒரு நிமிஷம் சரிவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தாள்.

"அடியே ராக்கம்மா, மூட்டையைத் திருப்பிக் கட்டு. எல்லாரும் கெளம்புங்க. இங்க இருக்கக் கூடாதாம்."

"நேத்து நீதானக்கா இருக்கலாமுன்னு சொன்ன?" என்றாள் ராக்கம்மா.

"நேத்துச் சொன்னேன். இன்னைக்கு என் தம்பியே வந்து சொல்றான், பத்தாதா?"

அவள் உள்ளே போய்ச் சாமி படத்தைச் சுவரிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது. வெற்றிச்செல்வன் வாசலிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். உள்ளேயிருந்து அக்கா கட்டிலின் ஒரு முனையைப் பிடிக்க வரச்சொல்லிக் கூப்பிட்டாள்.